சென்னை சென்ட்ரல் நிலத்தடி மாற்று நிலையம்: மதுரை ஜங்ஷன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

மாசிவீதிக்காரன் | இரவு 8.40

மதுரைக்குத் திட்டமிட்டிருக்கும் திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ பற்றி இங்கே பல இழைகள் ஓடிவிட்டன. எங்கே நிற்கும், யாருடைய நிலம் போகும், எப்போது வரும் என்பதுதான் எல்லாவற்றிலும் பேச்சு. ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடம் எப்படி அமைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மக்கள் பொதுப் போக்குவரத்தில் தங்குவதும், சலித்துப்போய் இரு சக்கர வண்டி வாங்குவதும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்தத் தனி இழை.

நம்மில் பலருக்கும் பழக்கமான நிலத்தடி மாற்று நிலையம் சென்னை சென்ட்ரல். வைகையிலோ பாண்டியனிலோ எழும்பூர் போய் இறங்குகிறோம். அங்கே பச்சைத் தடத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். பச்சைத் தடம் 2018 மே 25 அன்றும், நீலத் தடம் 2019 பிப்ரவரி 10 அன்றும் அங்கே வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்பு. மேலே டிக்கெட் கூடம். அதற்குக் கீழே இரண்டு தடங்களுக்கும் வெவ்வேறு மட்டங்களில் நடைமேடைகள். டிக்கெட் கதவைத் தாண்டி வெளியே வராமலேயே தடம் மாறிக்கொள்ளலாம். வெளியே வர விரும்புகிறவர்கள் அரசு பொது மருத்துவமனைப் பக்கமோ ரயில் நிலையப் பக்கமோ சாலையைக் கடக்காமல் போய்ச் சேரலாம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதையே ஆலந்தூரோடு ஒப்பிடுங்கள். 2015-இல் திறந்த நிலையம் அது. தரைக்கு மேலே, ஒரு தடத்தின் தலைமேல் இன்னொன்று. மாறுவதற்கு நடை மிகக் குறைவு. சென்ட்ரல் பிரம்மாண்டமானது, ஆலந்தூர் பயணியின் காலுக்கு இரக்கம் காட்டுவது.

மதுரைத் திட்டத்தில் ஏறத்தாழ 32 கிலோமீட்டரில் 5 கிலோமீட்டர் அளவுக்கு நிலத்தடிப் பாதை. ஜங்ஷன் அந்தப் பகுதியில் வருகிறது. பக்கத்திலேயே பெரியார் பஸ் நிலையம். ஒரே ஒரு மெட்ரோ தடம்தான் என்றாலும் ரயில், மெட்ரோ, டவுன் பஸ் மூன்றும் கூடும் இடம் அது. ஆகவே அது மாற்று நிலையம்தான். அங்கே பயணி எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப வரைய வேண்டும். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி பஸ்காரன் | இரவு 9.05

அண்ணே, வராத மெட்ரோவுக்கு நடைமேடை வரைகிறீர்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு கோவை, மதுரை இரண்டு திட்டங்களையும் திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரத் தொகுப்பு 15 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டாலே இந்த ஊருக்குப் போதும் என்பது என் நிலை. 11,000 கோடிக்கும் மேல் செலவழித்து 32 கிலோமீட்டர் போடுவதைவிட, அதில் ஒரு சிறு பங்கை டவுன் பஸ்களுக்குக் கொடுத்தால் அவனியாபுரம் முதல் ஆனையூர் வரை எல்லாருக்கும் பயன் உண்டு.

மாசிவீதிக்காரன் | இரவு 9.20

தம்பி, ஆக்ராவும் அந்த 20 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தது. அங்கே 2024 மார்ச்சில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. தாஜ் மஹால், கோட்டை உள்ள பழைய நகரப் பகுதியில் நிலத்துக்கு அடியில்தான் போகிறது. ஆகவே அந்த எண் கல்லில் வெட்டியதல்ல.

அதை விட்டுவிடுவோம். நீங்கள் சொல்லும் தனித் தடப் பஸ்ஸே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது ஜங்ஷனில் ரயிலைச் சந்திக்க வேண்டுமல்லவா? பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேல வெளி வீதியின் ஆட்டோக்களுக்கு நடுவே கடக்க வேண்டியதுதானா? எந்த வண்டி வந்தாலும் மாறும் இடம் தேவை. இந்த இழையின் கேள்வி அதுதான்.

சுரங்கப் பொறியாளர் | இரவு 10.02

நான் திருநகர்க்காரன். வெளியூர்களில் நிலத்தடிப் பணிகளில் இருந்திருக்கிறேன். கேள்வி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு தடங்கள் நிலத்தடியில் சந்திக்கச் சில வழிகள்தான் உண்டு. முதலாவது, குறுக்காகச் சந்திப்பது. ஒரு நடைமேடை வடக்கு தெற்காகவும், அதற்கு அடியில் இன்னொன்று கிழக்கு மேற்காகவும் இருக்கும். நடுவில் படி இறக்கினால் நடை மிகக் குறைவு. ஆனால் இரண்டு தடங்களின் கூட்டமும் அந்த ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும். நடைமேடையின் இரு முனைகளும் காலியாக இருக்கும்போது நடுவில் நிற்க இடமிருக்காது. காலை 9 மணிக்கு டெல்லி ராஜீவ் சௌக்கில் நின்றவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது, இணையாக ஒன்றன்மேல் ஒன்று. கூட்டம் நடைமேடையின் முழு நீளத்துக்கும் பரவும். பல இடங்களில் படி வைக்கலாம். கட்டுவதற்குக் குறுகலான நிலம் போதும், ஆனால் ஆழம் கூடும். சென்னையின் இரண்டாம் கட்டத்தில் திருமயிலை நிலையம் 35 மீட்டர் ஆழத்துக்குப் போவதற்கு மயிலாப்பூரின் நெருக்கமும் ஒரு காரணம். அகலத்தில் இடமில்லாத ஊரில் ஆழத்தில்தான் தேட முடியும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நடைமேடையின் இடப்பக்கம் ஒரு தடம், வலப்பக்கம் இன்னொரு தடம். இறங்கி, பத்து எட்டு நடந்து, எதிரில் நிற்கும் வண்டியில் ஏறிவிடலாம். ஹாங்காங்கில் மோங் கோக், பிரின்ஸ் எட்வர்ட் என்று அடுத்தடுத்த இரண்டு நிலையங்களை ஜோடியாக அமைத்தார்கள். ஒரே திசையில் தொடர்ந்து போகிறவர்களுக்கு ஒரு நிலையம். திசை மாறித் திரும்புகிறவர்களுக்கு அடுத்த நிலையம். படியே இல்லை. இதற்கு இரண்டு தடங்களையும் ஒரே சமயத்தில் திட்டமிட்டிருக்க வேண்டும். பிற்பாடு வந்து ஒட்டவைக்க முடியாது.

நான்காவது வழி, யோசிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு நீண்ட நடைபாதை போட்டு இணைப்பது. உலகத்தில் அதிகமாக இருப்பது இதுதான்.

டெல்லி மதுரைக்காரி | இரவு 10.31

ஐயா சொன்ன நான்காவது வழிக்கு இங்கேயே சான்று இருக்கிறது. பிங்க் தடத்தின் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் நிலையத்துக்கும் விமான நிலையத் தடத்தின் தௌலா குவான் நிலையத்துக்கும் இடையே நடைபாலம் போட்டிருக்கிறார்கள். நீளம் 1.2 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் நகரும் நடைபாதைகள். விமானத்தைப் பிடிக்கப் பெட்டியோடு போகிறவர்கள் அதில் நடப்பதைப் பார்க்கும்போது, வரைபடத்தில் இரண்டு தடங்கள் ஒரு புள்ளியில் தொடுகின்றன என்பதற்கும் மனிதர்கள் மாறுவதற்கும் எவ்வளவு தூரம் என்று தோன்றும்.

ராஜீவ் சௌக்கில் 2005-லிருந்து மஞ்சள், நீலத் தடங்கள் சந்திக்கின்றன. அங்கே நெரிசல் நேரத்தில் தரையில் ஒட்டிய வண்ணப் பட்டைகளைப் பார்த்தே நடக்கலாம். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் மஞ்சள் பட்டையைப் பின்தொடர்ந்தால் மஞ்சள் வண்டிக்குப் போய்விடுவார். திருவிழாவுக்கு உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் முதல்முறை வருகிற பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். நம் ஊருக்கு இது கட்டாயம் வேண்டும்.

வில்லாபுரம் வாசகி | இரவு 10.48

லிஃப்ட் பற்றி யாருமே எழுதவில்லையே?

என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். பெரிய நகரம் ஒன்றின் நிலையத்தில் நடைமேடையிலிருந்து கூடத்துக்கு ஒரு லிஃப்ட், கூடத்திலிருந்து சாலைக்கு இன்னொரு லிஃப்ட். இரண்டும் எதிரெதிர் மூலைகளில் இருந்தன. சாலைக்குப் போகும் லிஃப்ட் அன்று ஓடவில்லை. காவலர் ஒருவரும் பயணிகள் இருவரும் சேர்ந்து நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியேற்றினார்கள். உதவிய மனிதர்களுக்கு நன்றி சொன்னோம். ஆனால் அம்மா அதன்பிறகு மெட்ரோவில் வர மறுத்துவிட்டார். கால் நடக்காதது அவருக்குப் பழகிவிட்டது. ஊரார் கண்முன்னே தூக்கப்படுவதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: எந்த மட்டத்திலும் லிஃப்ட் ஒன்றல்ல, இரண்டு. அதில் ஒன்று நடைமேடையிலிருந்து நேராகச் சாலைக்கு வர வேண்டும். அதன் வாசல் பஸ் நிற்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சுரங்கப் பொறியாளர் | இரவு 11.10

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். நேராகச் சாலைக்கு வரும் லிஃப்ட்டில் ஒரு சிக்கல் உண்டு: டிக்கெட் கதவு கூடத்தில் இருக்கும், அதைத் தாண்டாமல் வெளியே விட முடியாது. லிஃப்ட் வாசலிலேயே ஓர் அகலக் கதவு வைத்தால் தீர்ந்துவிடும். பணம் அதிகம் பிடிக்காது. வரைபட நிலையிலேயே கேட்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான்.

விளக்குத்தூண் கடை | காலை 7.15

நடை, படி, லிஃப்ட் எல்லாம் சரி. தோண்டும்போது எங்கள் கதி என்ன? ஸ்மார்ட் சிட்டி வேலை நடந்தபோது பெரியார் பஸ் நிலையத்தை மூடிப் புதிதாகக் கட்டினார்கள். வீதிகளில் கல் பதித்தார்கள். அந்தக் காலமெல்லாம் எங்கள் வீதி வியாபாரம் படுத்துவிட்டது. நிலத்துக்கு அடியில் நிலையம் என்றால் அதைவிடப் பன்மடங்கு அல்லவா? கோயிலைச் சுற்றி உயரமாகக் கட்டக்கூடாது என்பது விதி. அதனால் பாலம் வேண்டாம், அடியில் போகட்டும் என்கிறீர்கள். சரிதான். கோயிலைச் சுற்றி அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய கிணறுகள், பழைய வடிகால், சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய நூறாண்டுச் சுவர்கள். என் கடைச் சுவரே அப்படித்தான் நிற்கிறது.

சுரங்கப் பொறியாளர் | காலை 8.50

ஐயா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

சுரங்கப்பாதையை இயந்திரம் அடியிலேயே துளைத்துக்கொண்டு போகும். அது போகும் வழியில் மேலே கடை மூட வேண்டியதில்லை. நிலையம்தான் மேலிருந்து தோண்டப்படுவது. முதலில் நிலையத்தின் சுற்றளவில் ஆழமான குறுகிய பள்ளம் வெட்டி, கம்பி இறக்கி, கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்புவார்கள். பிறகு மேல் தளத்தைப் போட்டுவிட்டால் அதன்மேல் சாலையைத் திறந்துவிடலாம். கீழே குடைந்துகொண்டே போகலாம். மேலிருந்து கீழாகக் கட்டும் இந்த முறையில் சாலை மூடியிருக்கும் காலம் குறையும், செலவு கூடும். வியாபார வீதிகளில் இந்த முறைதான் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் வைகைப் பக்கம். மேலே ஆற்று மணல், கீழே கடும் பாறை. முழுக்க மணல் என்றால் அதற்கு ஒரு வகை இயந்திரத் தலை. முழுக்கப் பாறை என்றால் வேறு. பாதி மணல், பாதி பாறை என்று வரும்போது தலையின் கீழ்ப்பாதி திணறும். மேல்பாதியில் மணல் அளவுக்கு மேல் உள்ளே இழுக்கப்பட்டு மேலே தரை அமிழும். சென்னையிலும் சில இடங்களில் தரை அமிழ்ந்து கட்டடங்கள் விரிசல் விட்டன. ஆகவே இயந்திரம் வருவதற்கு முன்பே உங்கள் கடைச் சுவரைப் படமெடுத்து, விரிசல் அளவி ஒட்டி, பதிவுசெய்து வைக்க வேண்டும். பிற்பாடு இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம். எல்லாக் கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெள்ளம். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிறைந்து செல்லூர்ப் பக்கம் தண்ணீர் நின்றதை மறக்கவில்லை. நிலத்தடி நிலையத்தின் வாசலில் முதலில் சில படிகள் மேலேறி, பிறகுதான் கீழே இறங்க வேண்டும். சாலையில் தண்ணீர் நின்றாலும் உள்ளே கொட்டாது. அந்தச் சில படிகளுக்குப் பக்கத்தில் சரிவுப் பாதையும் வேண்டும் என்பதை வில்லாபுரம் அம்மா நினைவூட்டுவார்.

ஆழ்வார்புரம் | காலை 9.30

எல்லாரும் வேலை நாள் கூட்டத்தை வைத்தே கணக்குப் போடுகிறீர்கள். மதுரைக்குக் கூட்டம் என்றால் சித்திரை.

அழகர் ஆற்றில் இறங்கும் இரவு கோரிப்பாளையம், ஏ.வி. பாலம், எங்கள் தெரு எல்லாம் தலைகளாகவே இருக்கும். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின. மெட்ரோ வந்தால் கோரிப்பாளையம் நிலையத்தில் என்ன ஆகும்? அதிகாலையில் அழகர் இறங்கி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படியிறங்குவார்கள். கீழே நடைமேடை ஒரு வண்டி நீளம்தான். மேலிருந்து தள்ளுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது.

எனக்குத் தோன்றுவது: அன்றைக்குக் கோரிப்பாளையம் வாசல்களில் சிலவற்றை உள்ளே வருவதற்கு மட்டும், சிலவற்றை வெளியே போவதற்கு மட்டும் பிரிக்க வேண்டும். கூட்டத்தைச் சாலை மட்டத்திலேயே, திறந்த வெளியில், வரிசையாக நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு வாசலுக்கு வெளியே முற்றம் வேண்டும். இப்போதிருக்கும் கோரிப்பாளையத்தில் முற்றத்துக்கு இடம் எங்கே? நிலையம் வரைகிறவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு முறையாவது எங்கள் தெருவில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

சுரங்கப் பொறியாளர் | காலை 10.05

இந்த இழையில் வந்த மிக முக்கியமான பதிவு இது.

பல மெட்ரோக்கள் பின்பற்றும் என்.எஃப்.பி.ஏ. 130 என்ற அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதி, நடைமேடை 4 நிமிடத்துக்குள் காலியாக வேண்டும், கடைசி ஆளும் 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை எட்ட வேண்டும் என்கிறது. படிகளின் அகலத்தை அதிலிருந்துதான் கணக்கிடுகிறோம். எத்தனை பேர் என்ற எண்ணை எந்த நாளிலிருந்து எடுக்கிறோம் என்பதே கேள்வி. வேலை நாள் காலை நெரிசலை எடுத்தால் சித்திரைக்குப் போதாது. சித்திரையை எடுத்தால் நிலையம் மிகப் பெரிதாகி ஆண்டு முழுக்கக் காலியாகக் கிடக்கும். ஆகவே ஆழ்வார்புரம் சொல்வதுதான் வழி: கட்டடத்தைப் பெருக்குவதைவிட, உள்ளே விடும் எண்ணிக்கையை மேலேயே கட்டுப்படுத்துவது. அதற்கான முற்றம் வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் பல தடங்கள் கூடும் நிலத்தடி நிலையம். 1987 நவம்பர் 18 அன்று அங்கே மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் பற்றிய தீ சரிவுவழியே மேலேறி டிக்கெட் கூடத்தில் வெடித்தது. 31 பேர் இறந்தார்கள். மாற்று நிலையத்தில் எல்லாத் தடங்களின் கூட்டமும் ஒரே கூடத்தின் வழியாகத்தான் வெளியேறும். அந்தக் கூடத்துக்குள் கடைகளை அடைக்காமல் இருப்பது வருமானக் கணக்கைவிடப் பெரியது.

மாட்டுத்தாவணி பஸ்காரன் | பகல் 12.20

நான் இன்னமும் மெட்ரோ வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் மாசிவீதி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன்.

சென்னையைப் பாருங்கள். மதுரையிலிருந்து போகும் அரசு விரைவு பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பஸ் நிலையம் முதலில் வந்துவிட்டது. மெட்ரோ விமான நிலையத்தோடு நிற்கிறது. விடியற்காலை அங்கே இறங்கும் நம் ஊர்க்காரர்கள் மாநகரப் பஸ்ஸுக்கு அலைகிறார்கள். சந்திக்க வேண்டிய இரண்டும் சந்திக்கவில்லை. மாட்டுத்தாவணியில் அந்த நிலை வரக்கூடாது. திருமங்கலம் – ஒத்தக்கடைத் தடம் மாட்டுத்தாவணியைத் தொடுகிறது என்கிறார்கள். தொடுவது என்றால் பஸ் நிலையத்துக்கு உள்ளேயா, நெடுஞ்சாலைக்கு மறுபக்கமா? அதைத் தெளிவாகச் சொல்லட்டும்.

மாறும் இடத்தில் நேரமும் ஒரு நடைதான். இரவு 10 மணிக்குமேல் கடைசி வண்டியில் இறங்குகிறவருக்கு நாகமலைக்கும் சிலைமானுக்கும் டவுன் பஸ் நிற்க வேண்டும். பளிங்குத் தளம் போட்ட நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதென்றால் எதற்கு இத்தனை கோடி?

மாசிவீதிக்காரன் | பிற்பகல் 2.10

தம்பியும் நானும் இதில் ஒரே பக்கம் நிற்கிறோம், மகிழ்ச்சி.

எல்லாவற்றையும் படித்தபின் என் கோரிக்கையை இன்னும் கூர்மையாக்குகிறேன். மெட்ரோவுக்கு அனுமதி வரும்வரை காத்திருக்காமல், ஜங்ஷன் கிழக்கு வாசலையும் பெரியார் பஸ் நிலையத்தையும் இணைக்கும் நடைவழியை முதலில் கட்ட வேண்டும். சரிவுப் பாதை, இரண்டு லிஃப்ட், வண்ணப் பட்டை எல்லாம் சேர்த்து. அதைக் கட்டும்போதே பிற்காலத்தில் நிலத்தடி நிலையத்தின் கூடம் வந்து சேர வேண்டிய பக்கத்தில், உடைத்துத் திறக்கக்கூடிய சுவர் ஒன்றை விட்டுவைக்க வேண்டும். மெட்ரோ வந்தால் திறக்கலாம். பஸ் தடம் வந்தால் அதன் நிறுத்தத்தை அங்கே வைக்கலாம். இரண்டும் வரவில்லை என்றாலும் வெயிலில் பெட்டி தூக்கிக் கடக்கும் மனிதர்களுக்கு அது நாளைக்கே பயன்படும்.

பொறியாளர் ஐயா, திறக்கக்கூடிய சுவர் விடுவது நடைமுறையில் முடியுமா?

சுரங்கப் பொறியாளர் | பிற்பகல் 3.25

முடியும். எளிதில் வெட்டக்கூடிய கம்பி வைத்துச் சுவரின் அந்தப் பகுதியை மட்டும் வார்ப்பார்கள்; சுற்றியுள்ள சட்டம் முழுப் பாரத்தையும் தாங்கும்படி கனமாக இருக்கும். கூடுதல் செலவு பெரிதல்ல. ஆனால் கூடத்தின் தள மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் வரும் என்பதை இப்போதே குறித்துவிட வேண்டும். மட்டம் ஒத்துவராவிட்டால் திறந்த சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் படிகள்தான் நிற்கும்.

வில்லாபுரம் வாசகி | பிற்பகல் 3.40

மாநகராட்சிக்கும் ரயில்வேக்கும் இதை மனுவாக எழுதுவதென்றால் லிஃப்ட் பகுதியை நான் எழுதித் தருகிறேன். ஆழ்வார்புரம் அண்ணே, கோரிப்பாளையம் முற்றத்துக்கு எந்த இடம் பொருந்தும் என்று ஒரு கைவரைபடம் போட முடியுமா?

ஆழ்வார்புரம் | மாலை 5.15

போடுகிறேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து அளந்துவிட்டு இங்கேயே ஏற்றுகிறேன். விளக்குத்தூண் ஐயா, வடக்கு மாசி வீதிப் பக்கம் தெரிந்த கடைக்காரர்கள் இருந்தால் சுவர் படமெடுக்கும் விஷயத்தை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.